ஒரு மணிக்கு மேல் ஓடாத புரோகிராம்

1. சாவி என் சட்டைப் பையில்

போன் வந்தபோது மணி ஒன்றே முக்கால். மூலக்குளத்தில் என் வீட்டில் மோர் சாதத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பாயை விரிக்கலாம் என்று எழுந்திருந்தேன். புதுச்சேரியில் அந்த நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அர்த்தம். இல்லையென்றால் நான் எழுதிய ஏதோ ஒன்று படுத்துவிட்டது என்று அர்த்தம்.

"சார், எடை மெஷின் நின்னுடுச்சு."

பேசியது பிலோமினா. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மீனையும் இறாலையும் வாங்கிப் பதப்படுத்தி அனுப்புகிற ஒரு கம்பெனியில் எடைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். அந்தப் பிரிவின் புரோகிராமை எழுதியவன் நான்.

"நின்னுடுச்சுன்னா? எடை காட்டுதா?"

"எடை காட்டுது சார். பட்டன அமுக்குனா லேபிள்தான் வரல. கனெக்ஷன் இல்லன்னு எழுதி வருது."

வயிறு நிறைந்தவனுக்கு மூளை எவ்வளவு வேலை செய்யுமோ அவ்வளவுதான் எனக்கும் செய்தது. "ஹால் மெயின ஒரு தடவ இறக்கி ஏத்துங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தேன். முப்பது வருஷம் புரோகிராம் எழுதியவன் சொல்லக்கூடிய வைத்தியமா இது என்று நீங்கள் கேட்கலாம். முப்பது வருஷம் எழுதியவன்தான் இதைச் சொல்வான்.

ஐந்து நிமிஷத்தில் மறுபடி போன். "இறக்கி ஏத்திட்டேன் சார். இப்பவும் அதேதான் வருது."

"அப்ப மெஷின் பின்னால இருக்கிற சின்ன டப்பாவ ஆஃப் பண்ணிப் போடுங்க."

"அது நீங்க போன வாரம் மாட்டுன இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கு சார். பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்டதான் இருக்கு."

ஆணியில் தொங்கிய சட்டையின் பையைத் தடவிப் பார்த்தேன். இருந்தது.

போனில் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "அந்த ஆளாண்ட சொல்லும்மா, என் எறா தல கறுத்துப் போவுதுன்னு!"

அது அஞ்சலையம்மா. அரியாங்குப்பத்தைத் தாண்டிய ஒரு கடலோர ஊரிலிருந்து மூன்று படகுகளின் சரக்கை இந்தக் கம்பெனிக்குக் கொண்டு வருகிறவர். அவற்றில் ஒன்று அவர் மகனுடையது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்த முதல் நாள் அது. இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களின் முதல் லோடு. ஊரில் இருந்த ஐஸெல்லாம் படகுகளுக்கே போய்விட்டதால், டெம்போவில் இறாலின் மேல் பேருக்குத்தான் ஐஸ் போட்டிருந்தார்கள். வெயிலில் நின்றால் இறாலின் தலை கறுக்கும். கறுத்தால் இரண்டாம் தரம். முதல் லோடே இரண்டாம் தரமாகிவிட்டால், அந்த சீசன் முழுக்க அஞ்சலையம்மாவின் சரக்கு வரிசையில் கடைசியில்தான் நிற்கும்.

எடை போட்டு, லேபிள் ஒட்டாமல் ஒரு ட்ரேகூட குளிர் அறைக்குள் போகக் கூடாது. கம்பெனியிடம் சரக்கு வாங்குகிறவர்கள் வைத்த விதி அது. கையால் எழுதிய சீட்டெல்லாம் செல்லாது.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். "சாப்ட உடனே வண்டி ஓட்டாதீங்க" என்று வீட்டில் சொன்னது தெருமுனையில்தான் காதில் விழுந்தது.

2. முசியே வைத்த சட்டம்

மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்பெனியின் முதலாளியை எல்லோரும் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், எழுபதைத் தாண்டியவர். மதியம் ஒரு மணிக்குக் குளிர் அறையின் லைனை மட்டும் விட்டுவிட்டு, ஹாலின் மெயின் ஸ்விட்சைத் தன் கையாலேயே இறக்குவார். நான்கு மணிக்குத் தன் கையாலேயே ஏற்றுவார். நான் ஒருமுறை, "மத்த கம்பெனியெல்லாம் மதியமும் ஓடுதே முசியே" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு மணிக்கு மேல செய்யுறதுக்குப் பேரு வேல இல்லப்பா, தண்டன" என்றார். "நீ மட்டும் ஒரு மணிக்கு மேல உன் ஆபீஸ்ல இருக்கியா?"

இருப்பதில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தானே. பன்னிரண்டே முக்காலுக்கே கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

இதன் விளைவு என்னவென்றால், அந்த எடை புரோகிராமை எழுதி, சோதித்து, பிழை திருத்தி, கை கழுவியது எல்லாமே காலை ஒன்பதிலிருந்து ஒன்றுக்குள். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் அது ஓடியதே இல்லை. மதியம் மெயின் இறங்கும், எல்லாம் அணையும், மாலையில் குளித்து வந்த பிள்ளை மாதிரி புதிதாக ஆரம்பிக்கும். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. நல்ல புரோகிராம் என்று எனக்கு ஒரு கர்வம் வேறு.

இடையிடையே சில நாட்கள், பன்னிரண்டு மணிவாக்கில் லேபிள் நின்றுபோகும். பிலோமினா மெயினை இறக்கி ஏற்றுவார், சரியாகிவிடும். "ஏன் சார் இப்படி ஆவுது?" என்று என்னிடம் நாலைந்து முறை கேட்டிருக்கிறார். "நீங்க பட்டன வேகமா அமுக்குறீங்க, கொஞ்சம் நிதானமா அமுக்குங்க" என்று நானும் நாலைந்து முறை சொல்லியிருக்கிறேன். முசியேவிடமும் அப்படியே சொன்னேன். பத்து வருஷமாக எடை போடுகிறவருக்குப் பட்டன் அமுக்கக் கற்றுக் கொடுத்த மேதாவி நான்.

அப்புறமும் நின்றதால், தடைக்காலத்தில் வேலை குறைவாக இருந்தபோது ஒரு நாள் போய், இது வோல்டேஜ் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னேன். எடை மெஷினுக்கும், அதன் பின்னால் இருந்து எடையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்ன டப்பாவுக்கும் மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் போட்டேன். கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் போடலாம் என்றதற்கு, "மொதல்ல இது என்னா பண்ணுதுன்னு பாப்போம்" என்றார் முசியே. உப்புத் தண்ணீர் தெறிக்கக் கூடாது, யாரும் கை வைக்கக் கூடாது என்று யூபிஎஸ்ஸையும் டப்பாவையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் லோடு வந்த அன்று, சரக்கின் அளவைப் பார்த்து முசியேவே தன் சட்டத்தைத் தளர்த்தினார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நிறுத்தாம ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் சரியாக ஒரு மணிக்குத் தூங்கப் போய்விட்டார்.

3. நாலு

ஹாலுக்குள் நுழைந்தபோது பத்துப் பன்னிரண்டு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட வாங்க என்று சொல்லவில்லை. அஞ்சலையம்மா ஒரு ட்ரேயின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்தியா தம்பி? தூக்கம்லாம் ஆச்சா?"

பெட்டியைத் திறந்து யூபிஎஸ்ஸை அணைத்துப் போட்டேன். டப்பாவின் பச்சை விளக்கு எரிந்தது. பிலோமினா ட்ரேயை வைத்துப் பட்டனை அமுக்கினார். லேபிள் வந்தது. ஹாலே ஒரு பெருமூச்சு விட்டது. நானும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீ கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தேன்.

பதினைந்தாவது ட்ரேயில் மறுபடி நின்றது.

"நாலு ஆயிடுச்சு சார்" என்றார் பிலோமினா, மெஷினைப் பார்த்தபடியே.

"என்ன நாலு?"

"ட்ரே ஆடுனா ஸ்க்ரீன்ல 'மறுபடி வை'ன்னு வருமில்ல, அது நாலு தடவ வந்துடுச்சு. நாலு வந்தா அடுத்த ட்ரேவுக்கு நின்னுடும். எப்பவும் அப்படித்தான்."

"எப்பவும்னா?"

மேஜை டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே சின்னச் சின்னக் கோடுகள். மூன்று கோடு போட்ட நாட்களில் ஒன்றுமில்லை. நாலு கோடு போட்ட இடத்திலெல்லாம் பக்கத்தில் 'நின்றது' என்று எழுதியிருந்தது. ஒரு நாள்கூட மூன்றில் நிற்கவில்லை, ஒரு நாள்கூட ஐந்துக்குப் போகவில்லை.

"பட்டன வேகமா அமுக்குறேன்னு சொன்னீங்கல்ல. அப்படியான்னு பாக்கத்தான் எழுத ஆரம்பிச்சேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

நோட்டைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த டப்பாவின் கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஒரு வரி நினைவுக்கு வந்தது. ஒரே நேரத்தில் நான்கு கனெக்ஷன்தான் அது ஏற்கும்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் ஒவ்வொரு ட்ரேவுக்கும் டப்பாவோடு ஒரு சாக்கெட் திறந்து பேசும். போன் போட்டுப் பேசுவது மாதிரி. எடை என்ன என்று கேட்கும், டப்பா சொல்லும், பேசி முடிந்ததும் என் புரோகிராம் close() என்று போனை வைத்துவிடும். ட்ரே ஆடினால் எடை நிலைக்காது, டப்பா பதில் சொல்லாது. மூன்று விநாடி பார்த்துவிட்டு புரோகிராம் டைம் அவுட் பிழையை எழுப்பி, 'மறுபடி வை' என்று காட்டும். நான் close() எழுதியிருந்ததோ எடையைப் படிக்கிற வரிக்கு அடுத்த வரியில். பிழை எழும்பினால் அந்த வரிக்கு யார் வருகிறார்கள்? போன் வைக்கப்படாமலே கிடக்கும். நாலு ட்ரே ஆடினால் நாலு போன். ஐந்தாவது அழைப்புக்கு இடமில்லை.

நான் புரோகிராம் எழுதிய மொழி பைதான். அது தெரிந்தவர்கள் இங்கே குறுக்கே வருவீர்கள்: ஃபங்ஷன் முடிந்ததும் சாக்கெட்டை பைதானே மூடிவிடாதா? மூடும், யாரும் அதைப் பிடித்துக்கொண்டு இல்லையென்றால். நான் பெரிய ஒழுங்குக்காரன் மாதிரி, கடையடைக்கும்போது லாக் என்கிற பதிவேட்டில் எழுதலாம் என்று, வந்த பிழைகளையெல்லாம் ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு பிழையும் தான் பிறந்த இடத்தை முழுதாகக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது, சாக்கெட்டையும் சேர்த்து.

என் யூபிஎஸ் இதை இன்னும் அழகாக்கிவிட்டது. முன்பெல்லாம் மெயினை இறக்கினால் கம்ப்யூட்டரும் டப்பாவும் சேர்ந்தே அணைந்து சேர்ந்தே எழும். இப்போது கம்ப்யூட்டர் மட்டும் 'வைக்கிறேன்' என்றுகூடச் சொல்லாமல் பொசுக்கென்று போனது. டப்பா என் தயவில் உயிரோடு இருந்து, நாலு போனையும் காதில் வைத்துக்கொண்டு, யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தது. மெயினை இறக்கச் சொன்னவனும் நான், பெட்டியைப் பூட்டியவனும் நான்.

4. அஞ்சலையம்மாவின் விரல்

நான் திருத்தி முடிக்கிறவரை இறால் காத்திருக்காது. டெம்போவில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அன்று எடை மேஜையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் வேறு. ஈரத் தரையில் அவசரமாக வைத்தால் ட்ரே ஆடத்தான் செய்யும்.

"பிலோமினாம்மா, நீங்க எண்ணிட்டே வாங்க. நாலு வந்ததும் டப்பாவ அணைச்சுப் போட்டுடலாம்" என்றேன். "ஆனா பெட்டிகிட்ட ஒரு ஆள் வேணும்."

எல்லோர் கையும் வேலையில் இருந்தது. அஞ்சலையம்மா ஒரு காலி ட்ரேயைக் கவிழ்த்துப் போட்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். "எங்க அமுக்கணும், காட்டு."

"இதான்மா. ஒருக்கா அமுக்கி, அஞ்சு எண்ணி, மறுபடி அமுக்குங்க."

"அவ்ளோதானா? இதுக்கா படிச்ச?"

அடுத்த இருபத்தைந்து நிமிஷம் அந்த ஹால் ஓடிய விதத்தை நான் மறக்க மாட்டேன். பிலோமினா உரக்க எண்ணுவார்: "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நடுநடுவே லேபிள்கள் கிர்ரென்று வரும். "நாலு!" என்றதும் அஞ்சலையம்மாவின் விரல் பாயும். "ஆச்சு, போடு!" என்று கத்துவார். ட்ரேகள் மறுபடி நகரும். இரண்டு தடவைக்குப் பிறகு புதுப் பெண்களுக்கு ரோஷம் வந்து ட்ரேயை ஆடாமல் வைக்கப் பார்த்தார்கள்.

நான் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். கண்ணெதிரே குளிர் அறையின் கதவு. அதற்குத் தானே மூடிக்கொள்கிற கம்பிச் சுருள் போட்டிருப்பார்கள். ட்ரேயோடு போனாலும் மூடும், வெறுங்கையோடு வந்தாலும் மூடும். ஒரு பெண் உள்ளே வழுக்கி விழுந்து அம்மா என்று அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அவர் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது பாட்டுக்கு மூடிக்கொண்டது.

அந்தக் கதவு பைதானில் எனக்குத் தெரியாததா? அதற்குப் பெயர் with. ஒரு ஃபைலைத் திறந்தால் with இல்லாமல் என் கை எழுதாது. சாக்கெட் என்று வந்தால் மட்டும் வாலிப வயதில் C மொழியில் பழகிய புத்தி, திறந்தவனே கடைசியில் மூட வேண்டும் என்று close() எழுதிவிடுகிறது. கடைசி வரைக்கும் போய்ச் சேருவோம் என்று என்ன நம்பிக்கை!

பழைய மூன்று வரிகளை அடித்துவிட்டு இதை எழுதினேன்:

with socket.create_connection(scale_addr, timeout=3) as s:

எடை கேட்பது, படிப்பது எல்லாவற்றையும் இதற்குக் கீழே ஒரு படி உள்ளே தள்ளினேன். எடை வந்து வெளியேறினாலும் பிழை வந்து வெளியேறினாலும் சாக்கெட் மூடித்தான் தீரும். சேர்த்து வைத்த பிழை லிஸ்டையும் தூக்கிவிட்டு, வந்தவுடனே லாக் எழுதுகிற மாதிரி மாற்றினேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை. மீதி நேரம் ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்ததில் போனது.

அடுத்த "நாலு!" வந்ததும் புதிய புரோகிராமை ஏற்றி ஓட்டினேன். டப்பாவும் அணைந்து எழுந்தது. மறுபடி எண்ணிக்கை. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு வந்தபோது அஞ்சலையம்மாவின் விரல் பட்டன் மேலேயே இருந்தது.

"அமுக்காதீங்கம்மா, இருங்க."

"என் எறாவ வச்சு வெளாடாதப்பா."

பிலோமினா அடுத்த ட்ரேயை வைத்தார். பட்டனை, என்னைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே வேகமாக அமுக்கினார். லேபிள் வந்தது. கொஞ்ச நேரத்தில் "அஞ்சு" என்றார். அப்புறம் "ஆறு." ஏழில் குரல் சிரித்துவிட்டது.

"அப்ப நான் எழுந்துக்கலாமா?" என்று கேட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் அஞ்சலையம்மா.

கடைசி ட்ரே உள்ளே போனபோது மூன்றரை. தரம் பிரிக்கிறவர் இரண்டு ட்ரேகளை மட்டும் தலை கறுத்துவிட்டது என்று தனியே எடுத்து வைத்தார். மீதி முழுக்க முதல் தரம். அந்த இரண்டு ட்ரேகளுக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கமாக இருந்தது.

நான்கு மணிக்கு முசியே வழக்கம்போல் வந்து மெயினை ஏற்றக் கை நீட்டி, அது ஏற்கனவே ஏறியிருப்பதைப் பார்த்து ஏமாந்தார். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, பிலோமினா பட்டனை அமுக்கியதில் ஒரு நாளும் தப்பில்லை, ஒன்றரை வருஷமாக நான்தான் உங்களிடம் தப்பாகச் சொல்லிவந்தேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் அந்த சீசன் வரிசையில் அஞ்சலையம்மாவின் பெயரை முதலிலேயே எழுதிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்ப இத்தன நாள் உன் புரோகிராம ஓட்டுனது நீ இல்ல, என் மத்தியானத் தூக்கம். அப்படித்தானே?"

"அப்படித்தான் முசியே" என்றேன்.

5. நாற்பது பக்க நோட்டு

இளம் புரோகிராமர்களுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியது பாதிதான் பைதான் பற்றியது. ஃபைலோ, சாக்கெட்டோ, டேட்டாபேஸ் கனெக்ஷனோ, திறக்கிற எதையும் with போட்டுத் திறங்கள். மூடுகிற வேலையைக் கடைசி வரியிடம் ஒப்படைக்காதீர்கள். நன்றாகப் போகிற நாளில் அந்த வரி வரும். மோசமான நாளில்தான் வராது, அன்றுதான் அது வேண்டும். நீங்கள் சாப்பிடப் போகிற நேரத்திலும் புரோகிராமை ஓடவிட்டுப் பாருங்கள்.

மறுநாள் நான் செய்தது அதைத்தான். மதியம் ஒரு மணிக்கு முசியேவைக் கெஞ்சி, மெயினை இறக்காமல் விடச் சொன்னேன். தொழிற்பேட்டையே அடங்கிக் கிடந்தது. நானும் பிலோமினாவும் மட்டும். ஒரு ட்ரேயில் தண்ணீர் ஊற்றி, வேண்டுமென்றே ஆட்டி ஆட்டி வைத்தோம். நாற்பது முறை 'மறுபடி வை' வந்தது. நாற்பதுக்குப் பிறகும் லேபிள் வந்தது. அவர் நோட்டில் எட்டு வரிசை கோடு போட்டு, பக்கத்தில் 'நிற்கவில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"பிலோமினாம்மா, அந்த நோட்ட எனக்குக் குடுத்துடுங்க. ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்" என்றேன். கொஞ்சம் நெகிழ்ந்துதான் கேட்டேன்.

"அது எப்படி சார் குடுக்கறது?" என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது மொத நாலு பக்கம்தான்."

புரட்டிக் காட்டினார். ஐந்தாம் பக்கத்தின் தலைப்பில் 'பிரிண்டர்' என்று இருந்தது. அதற்கடுத்து 'தேதி தப்பாக வருவது'. அதற்கடுத்து இன்னும் என்னென்னவோ, எல்லாம் தேதி போட்டு, கோடு போட்டு, ஒன்றரை வருஷத்துக்கு.

"நீங்க கேப்பீங்கன்னுதான் எழுதி வச்சேன்" என்றார். "மணி ரெண்டுதான் ஆவுது. அவசரம் இல்லன்னா உக்காருங்க சார்."

முந்தின நாள் அஞ்சலையம்மா கவிழ்த்துப் போட்ட ட்ரே அங்கேயே கிடந்தது. அதை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.